மலையேறும் வரை

சாமி வந்து ஆடுகிறவளை யாராவது தொடுவார்களா? ஆவடியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். தொட மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், வாய்விட்டுக் கேட்க ஏதாவது குறை இருந்தால் கேட்பார்கள். கவிப்பிரியாவும் அதைத்தான் செய்தாள். அன்றைக்கு வார்டில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். அவள் நர்ஸ்.

அதுவும் சாதாரண நர்ஸ் இல்லை. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், கீழே மருந்துக்கடையும் மேலே ஒரே நீள ஹாலுமாக இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமில், கவி டியூட்டி என்றால் டாக்டரே நிம்மதியாகச் சாப்பிடப் போவார். பிரசவம், ஹெர்னியா, டெங்கு, கால் புண் எல்லாம் அந்த ஒரே ஹாலில்தான் கிடக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்கும், எல்லாரும் ஒரே மாதிரிக் கத்துவார்கள். அதில் யார் கத்தலுக்கு ஓட வேண்டும், யார் கத்தாமல் கிடப்பதற்கு ஓட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் வேலை. அது அவளுக்குத் தெரியும்.

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த ஏகாம்பரம் தையல் போட்ட இடம் எரிகிறது, வலி ஊசி போடு என்று வார்டையே இரண்டாக்கினார். இவள் ஊசியை எடுக்கவில்லை. அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். கல்லாக இருந்தது. காலையிலிருந்து அந்த மனுஷன் ஒன்றுக்கே போகவில்லை. ட்யூப் போட்டு எடுத்துவிட்டதும், நீ நல்லா இருப்பே மகராசி என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வாரமே ரேஷ்மா என்று ஒரு பெண், ஐடி கம்பெனியில் வேலை, டெங்குவோடு வந்திருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று புருஷன் பையைக் கட்டிக்கொண்டு நின்றான். கவி அவள் உள்ளங்கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டாள், ஆமாம் என்றாள் அந்தப் பெண். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு கழுத்தைப் பிடிக்கும் என்று சொல்லி, டாக்டரைக் கூப்பிட்டு நிறுத்திவைத்தாள். அன்று சாயங்காலமே ரேஷ்மாவின் ரத்த அழுத்தம் இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தப் புருஷன் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பான்.

இப்படிப்பட்டவளுக்கும் ஒரு குறை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. புருஷன் பாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், ஒரு சொல் கடிந்து பேசாதவன். பேசுவதற்குத்தான் ஊர் இருக்கிறதே. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ட்ரெயின் ஏறினால் தெரிந்த முகமெல்லாம் 'விசேஷம் எதாவது உண்டா' என்று கேட்கும். டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ரெண்டு பேருக்கும் கோளாறு இல்லை, காத்திருங்கள் என்றார்கள். திருவேற்காட்டிலிருந்து மாங்காடு வரை அவள் விளக்குப் போடாத அம்மன் இல்லை. படித்தவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறவர்கள், வெறும் மடியோடு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்து கேட்கட்டும்.

முனியம்மா வார்டுக்கு வந்தது ஆடி மாதத்தில். ஐம்பது தாண்டியவள். ஒரு காலத்தில் நாற்று நட்ட வயலில் இன்று ஃபிளாட் நிற்க, அதே ஃபிளாட்டில் படிக்கட்டு பெருக்குகிறவள். நெடுநாள் சர்க்கரை. பாதத்தில் ஆணி குத்திய புண் அழுகிக் கணுக்கால் வரை வீங்கியிருந்தது. கிட்னியும் பாதிதான் வேலை செய்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். போக மாட்டேன் என்றுவிட்டாள். காரணம் அவள் மணிக்கட்டில் இருந்தது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு, காப்பு. வருஷா வருஷம் துலுக்கானத்தம்மன் கோயிலில் கரகம் எடுப்பவள் அவள்தான். காப்புக் கட்டியவர்கள் கூழ் ஊற்றி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"கூழு ஊத்தி முடியட்டும் கண்ணு. காப்ப அவுத்துட்டு நீ எங்க இட்டுகினு போனாலும் வரேன்," என்றாள் கவியிடம்.

இந்த வருஷம் கரகத்தை அவளுடைய தம்பி பெண்டாட்டி எடுப்பதாக ஏற்பாடு. மகள் கண்ணம்மாதான் கூட இருந்து பார்த்தாள். அவளும் அதே ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கிறவள், அவளுக்கும் போன வருஷத்திலிருந்து சர்க்கரை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடி, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கவியின் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கம்மா யாரு சொல்றதும் கேக்காது, நீ சொன்னாத்தான் கேக்கும், நீதான் பாத்துக்கணும் என்பாள். கவியும், நான் இருக்கேன் போக்கா என்பாள்.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. கண்ணம்மா காலையில் இட்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கோயிலில் கூழ் காய்ச்ச ஓடிவிட்டாள். கவி இன்சுலினை எடுத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். துன்னாச்சு கண்ணு, நீ ஊசியப் போடு என்றாள் முனியம்மா. பக்கத்தில் காலி இலை கிடந்தது. இட்லியைத் தின்றது பக்கத்துக் கட்டில் ஏகாம்பரத்தின் சம்சாரம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஊசி போடும் முன்னால் ரத்த அழுத்தம் பார்க்க அந்தக் கையைத்தான் பிடித்தாள். காப்பு விரலில் தட்டுப்பட்டது. காப்புக் கட்டியவள் கூழ் நாளில் அம்மனுக்கு ஊற்றி முடியும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள் என்பது கவிக்குத் தெரியாதா? அவள் அம்மாவே வேப்பம்பட்டில் காப்புக் கட்டுகிறவள். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். கூட வேலை செய்கிற நிஷா நாகர்கோவில்காரி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண். அவளாக இருந்தால் இது என்ன கயிறு, எதற்குக் கட்டினாய், அப்படியானால் சாப்பிடலாமா என்று பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். கவிக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. தெரிந்தவளுக்குத்தான் இப்படிக் கண் மறைக்கும். ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை பார்க்கிற நேரம். நிஷா ஒரு பிரசவத்துக்காக உள்ளே போயிருந்தாள். கவி டிரேயில் மிஷினை வைத்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். அப்போது தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது. கரகம் வருகிறது. நடக்க முடிந்தவர்களெல்லாம் ஜன்னலுக்குப் போனார்கள். சத்தம் நெருங்கி, சரியாக வார்டுக்குக் கீழே வந்து நின்று அடித்தது. திரும்பிப் பார்த்தால் முனியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். முடி அவிழ்ந்து கிடக்கிறது. உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது. முகம், கழுத்து, ரவிக்கை எல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. கண் யாரையும் பார்க்கவில்லை.

ஆத்தா வந்துட்டா என்று ஒரு கிழவி சொன்னாள். அவ்வளவுதான், வார்டே கும்பிட்டது. யாரோ குங்குமம் கொண்டுவந்தார்கள், யாரோ பூசினார்கள்.

நடுக்கம், வேர்வை, நிலைத்த பார்வை. இன்சுலின் போட்ட சர்க்கரை நோயாளியிடம் இந்த மூன்றையும் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று கவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மற்ற எந்தக் கட்டிலில் இது நடந்திருந்தாலும் விரலில் குத்திப் பார்த்திருப்பாள். இது முனியம்மா. வருஷா வருஷம் சாமி வருகிறவள். ஆடி ஞாயிறு. கீழே பம்பை. கவி டிரேயை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் போய்க் கைகூப்பி நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாயே, என் மடி காலியாகவே இருக்குதே, எனக்கு ஒரு வழி சொல்ல மாட்டியா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருவரிடமும் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.

முனியம்மாவின் நாக்கு குழறியது. ஆனாலும் வார்த்தை வந்தது.

"குடுத்துட்டேன்டி. அடுத்த ஆடிக்கு இடுப்புல புள்ளயோட வா."

கவி தேம்பித் தேம்பி அழுதாள். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பம்பை நகர்ந்து போனது. முனியம்மா இன்னும் கொஞ்ச நேரம் ஆடினாள், ஏதேதோ முனகினாள், பிறகு அப்படியே தலையணையில் சாய்ந்தாள். மலையேறிட்டா, தொடாதீங்க, களைப்பா இருக்கும், தூங்கட்டும் என்றார்கள் பெண்கள். சாமி மலையேறினால் அப்படித்தான். கவியின் அம்மாவும் ஆடி முடித்துவிட்டு அடித்துப் போட்டாற்போலக் கிடப்பாள். கவிதான் போர்வையை இழுத்து முனியம்மாவுக்குப் போர்த்திவிட்டாள். போர்த்திவிட்டு, மனசெல்லாம் குளிர்ந்து, டிரேயை எடுத்துக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போனாள்.

பிரசவம் முடித்து வந்த நிஷா வார்டுக்குள் நுழைந்ததுமே நின்றுவிட்டாள். அவளுக்குச் சாமியும் தெரியாது, மலையேறுவதும் தெரியாது. ஒரு பெண் வாய் கோணி, குறட்டை விடுகிற மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பது மட்டும்தான் தெரிந்தது. மிஷினைப் பிடுங்கிக்கொண்டு போய் விரலில் குத்தினாள். எண்ணே வரவில்லை. எண் காட்ட முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதற்குள் வலிப்பு வந்தது. வலிப்பில் வாந்தி, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனது. டாக்டர் ஓடிவந்தார், ஆம்புலன்ஸ் வந்தது. கூழ்ப் பானையை விட்டுவிட்டுக் கண்ணம்மா மஞ்சள் கையோடு ஓடிவந்தாள். கையில் காப்போடு முனியம்மா ஊர் எல்லையைத் தாண்டினாள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மிஷின் மூச்சில் கிடந்து, கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

யாரும் கவியைக் கேட்கவில்லை. பட்டினி கிடந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் நாம் என்ன செய்ய முடியும் என்றார் டாக்டர். கவி ஆரம்பித்தாள், சார், அவங்க ஆடினப்ப நான் பக்கத்துலதான் என்று. அவர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். நிஷா மட்டும் ஒருநாள் ட்ரெஸ்ஸிங் ரூமில் வைத்து, நீ நின்னு பாத்துட்டா இருந்தே என்று கேட்டாள். கவி பஞ்சை வெட்டிக்கொண்டே இருந்தாள். நிஷா அதற்கு மேல் கேட்கவில்லை.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. முனியம்மா மேல் இறங்கிய ஆத்தா திரும்பிப் போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள் என்றது. கேட்கக் கேட்கக் கவிக்கும் அது இதமாக இருந்தது. இதில் இன்னொன்றும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வந்தது சாமி என்றால் இவள் மேல் பழி இல்லை. சாமி என்றால் இவளுக்குப் பிள்ளையும் உண்டு. வெறும் சர்க்கரை என்றால் இரண்டும் இல்லை. ஒரு மனுஷி எதை நம்புவாள்? ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, காலையில் சாமிதான் என்று முடிவு செய்துகொண்டு ட்ரெயின் ஏறுவாள். பாபுவிடம்கூட வாக்கைச் சொன்னாளே தவிர, டிரே கையில் இருந்ததைச் சொல்லவில்லை.

கருமாதிக்குக் கண்ணம்மா நேரில் வந்து அழைத்தாள். போகாமல் இருக்க முடியுமா?

வீட்டுக்கு முன்னால் ஷாமியானா. உள்ளே முனியம்மாவின் படத்துக்கு வேப்பிலை மாலை, நெற்றியில் பெரிய குங்குமம். இலை போட்டு அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு, வடை, வெற்றிலை பாக்கு, ஒரு பாட்டில் ஆரஞ்சுக் கலர் சோடா. கண்ணம்மா இவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். எங்கம்மா வாயால கடைசி வாக்கு வாங்கினது இந்தப் பொண்ணுதான் என்று எல்லாரிடமும் காட்டினாள். பெண்கள் கவியின் வயிற்றைப் பார்த்தார்கள். இவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த கண்ணம்மாவின் அத்தைக்காரி காதோடு சொன்னாள். செத்த மூணாம் நாளிலிருந்து தினமும் பகலில் முனியம்மாவே மகள் மேல் இறங்குகிறாளாம். நடுங்கி வேர்த்து, குறி சொல்கிறாளாம். பட்டாபிராமிலிருந்தெல்லாம் ஆள் வருகிறதாம்.

பரிமாற வந்த கண்ணம்மாவின் கையைக் கவி பிடித்து, சர்க்கரை மாத்திரை போடுகிறாயா அக்கா என்று மெதுவாகக் கேட்டாள். அத வுடுவனா, வுடக் கூடாதுன்னு நீதானே சொன்னே, காலைலயே போட்டுட்டேன் என்றாள் கண்ணம்மா. சாப்பாடு? அம்மா போனதிலிருந்து பகலில் சாப்பிடுவதில்லையாம். பொழுது சாய்ந்து ஒரு வேளைதானாம். இன்றைக்குப் படையல் முடிந்த பிறகுதானாம். சொல்லும்போதே மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. பிடித்த கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

இப்பவே ஏதாவது சாப்பிடுக்கா என்று கவி எழுந்தாள். அதற்குள் யாரோ படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள், கண்ணம்மாவைக் கூப்பிட்டார்கள். போய் நின்றவள் ஆட ஆரம்பித்தாள். கூட்டம் அப்படியே கை குவித்தது. அத்தைக்காரி கவியை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

"போடி, நீ மொதல்ல கேளு. ஒனக்குக் குடுத்தவதான் வந்துகினு கீறா."

கவி முன்னால் போனாள். கண்ணம்மாவின் கண் யாரையும் பார்க்கவில்லை. கவிக்கு அந்தப் பார்வையைத் தெரியும். கேட்டால் இதுவும் வாக்குச் சொல்லும், கேட்டுவிட்டுப் போர்வை போர்த்திவிட்டுப் போய்விடலாம். அவள் குனிந்து, படையலில் இருந்த கலர் பாட்டிலை எடுத்தாள்.

செத்தவளுக்கு வைத்த படையலில் கை வைப்பதா? கூட்டம் ஒரு கணம் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் நின்றது. கவி பாட்டிலைத் திறந்து, கண்ணம்மாவின் தோளை அணைத்துத் தரையில் உட்காரவைத்து, வாயில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கவைத்தாள். அப்போதுதான் வீடே பொங்கியது. சாமியைத் தொடுகிறாளே என்று ஒருத்தி அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். கண்ணம்மாவின் தாய்மாமன் ஜெகதீசன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அடி விழுந்தது. முதுகில் இரண்டு, தலையில் ஒன்று. இவள் பாட்டிலை விடவில்லை. இன்னொரு வாய்க்கா, இன்னொரு வாய் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

பாட்டில் பாதியானபோது நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணம்மா தானாகவே பாட்டிலை வாங்கிக் குடித்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். கலைந்த முடியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கவியைப் பார்த்தாள். இன்னா ஆச்சு என்று கேட்டாள்.

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கவி சொன்னாள். தினமும் பகலில் வந்ததும் இதுதான், இப்படியே விட்டால் ஒருநாள் எழுந்திருக்க மாட்டாய் என்றும் சொன்னாள். ஆடியவள் சோடா குடித்துத் தெளிந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஜெகதீசன் ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

கண்ணம்மா அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கும் இதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவங்களுக்கு வந்தது சாமிதான், உனக்குத்தான் சர்க்கரை என்று சொன்னால் அந்த வீடே நம்பியிருக்கும், இவளையும் மன்னித்திருக்கும். இவள் மடியில் விழுந்த வாக்கும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அப்புறம் கண்ணம்மா அடுத்த ஆடிக்கு அம்மா இடத்தில் நின்று காப்புக் கட்டுவாள். கவிக்கு அதுவும் தெரியும்.

"ஆமாக்கா. இதேதான்."

"நீ அங்கதானே இருந்தே. எங்கம்மாவுக்கு ஏன் குடுக்கல?"

"நான் புள்ள கேட்டுகினு நின்னேங்கா."

சாமியாகப் போனவளுக்கு அழக் கூடாது என்று ஊர் சொல்லியிருந்ததால், இத்தனை நாளும் கண்ணம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அம்மா செத்துவிட்டாள் என்று அப்போதுதான் யாரோ வந்து சொன்னாற்போல, மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.